கூடத்துக் கேமரா

சுவரில் டிரில்லிங் மிஷின் இறங்கியதும் விக்னேஷ்குமாரின் படம் ஆணியோடு சேர்ந்து அதிர்ந்தது. தீபா ஓடிப்போய் இரண்டு கையாலும் படத்தைப் பிடித்துக்கொண்டாள். புருஷன் பைக்கிலிருந்து விழுந்து செத்து, முப்பதாம் நாள் கும்பிட்டு, இன்னும் வீட்டில் சொந்தக்காரர்கள் சாப்பிட்ட இலை வாடை போகவில்லை.

"விடு, விழாது," என்றான் சோலைமலை. செத்தவனுக்கு அண்ணன். திருப்பூரில் பனியன் கம்பெனி சூப்பர்வைசர். காரியத்துக்கு வந்தவன், நிலக்கோட்டையிலிருந்து கேமரா மாட்டுகிற ஆளையும் கையோடு கூட்டி வந்திருந்தான்.

"எதுக்கு மச்சான் இது?"

"எதுக்குன்னா? ரெண்டு பொம்பளை, ஒரு பிள்ளை, தனியாக் கெடக்கீக. நான் அங்க இருந்துக்கிட்டே ஒரு பார்வை பார்த்துக்குவேன்ல."

மாட்ட வந்தவன் தயங்கினான். "பொதுவா வாசல்லதான் சார் போடுவாங்க."

"உள்ளயே இருக்கட்டும்."

கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த மாமியார் பொன்னழகு நிமிரவில்லை. தீபா அவளைப் பார்த்தாள். வெற்றிலை உரலின் சத்தம் மட்டும் கொஞ்சம் வேகமானது.

அது வெறும் கேமரா இல்லை. தலையைத் திருப்பும். பேசும். முதல் தடவை அது பேசியபோது தீபா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். "யாரு வந்துட்டுப் போனது?" என்று சுவரிலிருந்து குரல் வந்ததும் கஞ்சி காலில் கொட்டிவிட்டது. வந்தது கேஸ் சிலிண்டர் போடுகிறவர். அதைச் சொல்லிமுடித்த பிறகுதான் காலில் தண்ணீர் ஊற்ற முடிந்தது.

அப்புறம் பழகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. பழக்கிக்கொண்டாள். பீரோவின் கதவைத் திறந்து வைத்து அதன் மறைவில் சேலை மாற்றினாள். மகள் தமிழ்நிலாவுக்கு ஏழு வயது. அம்மாவைப் பார்த்து அவளும் பீரோவுக்குப் பின்னால் போய்த்தான் யூனிஃபார்ம் போட்டாள். விளையாடப் போகும் முன் சுவரைப் பார்த்து, "பெரியப்பா, போகட்டா?" என்று கேட்கப் பழகியிருந்தாள். பதில் வராத நாட்களில் வாசற்படியிலேயே நின்றாள்.

அந்த வீட்டுக்கு மிஷின்கள் வந்த கதையைப் பொன்னழகு ஒரு நாள் சொன்னாள். அவள் வாழ்க்கைப்பட்டு வந்தபோது ஊர்க் கிணறுதான். போர் போட்டு, மோட்டார் வைத்து, வீட்டுக்குள் குழாய் வந்தது. இடுப்புவலி போனது. கூடவே கிணற்றடியும் போனது. மாமியார் பேச்சு, புருஷன் அடி எல்லாவற்றையும் பெண்கள் ஒருத்திக்கொருத்தி சொல்லி ஆற்றிக்கொள்ள இருந்தது அந்த ஒரே இடம். மிக்சி வந்தது, மிச்சமான நேரத்தில் இன்னொரு குழம்பு கேட்டார்கள். செல்போன் வந்தது, ஆண்கள் கையோடு நின்றுவிட்டது.

"உங்க மாமா போனப்ப எனக்கு முப்பத்திரெண்டு வயசு," என்றாள் பொன்னழகு, கேமராவுக்குக் கேட்காத குரலில். "அப்ப ஏது இது? என்னைய இந்தத் தெருவே பார்த்துச்சு. ஒனக்கு ஒத்தக் கண்ணுதான். பொறுத்துக்க."

தீபா பொறுத்துக்கொண்டாள். புருஷன் பங்கில் வந்த மல்லிகைத் தோட்டம் நாற்பது சென்ட் இருந்தது. விடியுமுன் பூ எடுப்பாள். பக்கத்துத் தெரு அய்யனார் தன் லோடு வேனில் ஊர்ப் பூவையெல்லாம் ஏற்றி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவான். அவளைவிட ஐந்து வயது இளையவன், 'அக்கா' என்பான். கேமரா வந்த பிறகு வாசலிலேயே மூட்டையை வாங்கிக்கொண்டு தலைகுனிந்து போய்விடுவான்.

பங்குனி மாதத்தில் ஒரு மத்தியானம் அடுப்படிக்குப் பின்னால் தொம்மென்று சத்தம் கேட்டது. பாத்திரம் கழுவுகிற இடத்தில் பாசி வழுக்கிப் பொன்னழகு விழுந்துகிடந்தாள். தலையில் ரத்தம். ஒரு கால் திரும்பாத பக்கம் திரும்பியிருந்தது. தீபா தூக்கப் பார்த்தாள், முடியவில்லை. புருஷன் வைத்திருந்த செல்போனில் சார்ஜ் இல்லை. கூடத்துக்கு ஓடிவந்து சுவரைப் பார்த்துக் கத்தினாள்.

"மச்சான், அத்தை விழுந்துட்டாக. மச்சான், கேக்குதா? யாருக்காச்சும் போன் போடுங்க மச்சான்."

எல்லாவற்றையும் கேட்கிற அந்தக் கேமரா அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

தெருவுக்கு ஓடினாள். எல்லோரும் வேலைக்குப் போயிருந்த நேரம், வீடுகள் பூட்டிக்கிடந்தன. காலி வேனோடு அய்யனார் சாப்பிட வந்துகொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னாள். அவன் வாசல் வரை வந்து, சுவரைப் பார்த்து நின்றுவிட்டான். தீபா அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். இருவரும் கிழவியைப் போர்வையில் கிடத்தித் தூக்கி வேனில் ஏற்றினார்கள். திண்டுக்கல் போய்ச் சேர்ந்தபோது, இன்னும் கொஞ்சம் ரத்தம் போயிருந்தால் சிரமம் என்றார் டாக்டர்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தபோது, அங்கே சார்ஜ் போட்ட போனில் தீபாவின் அம்மா அழைத்தாள். எடுத்த எடுப்பில் அழுகை.

"என்னடி இது? ஊரெல்லாம் வந்துருச்சாம்டி."

'குலசாமி துணை' என்ற சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் சோலைமலை ஒரு வீடியோ போட்டிருந்தான். பதினோரு விநாடி. ஒரு ஆண் வாசலில் வந்து நிற்கிறான். தீபா அவன் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுக்கிறாள். அவ்வளவுதான். கீழே, 'என் தம்பி செத்து மூணு மாசம்' என்று எழுதியிருந்தான்.

பத்து நாள் கழித்துப் பொன்னழகைக் கூடத்துக் கட்டிலில் கொண்டுவந்து கிடத்தினார்கள். மூன்று மாதம் கால் ஊன்றக் கூடாது. மறுநாளே சொந்தபந்தம் கூடியது. நடுவில் சோலைமலையின் சித்தப்பா கருப்பணன். அய்யனாரைக் கூப்பிடவில்லை.

"முழுசையும் போடச் சொல்லுங்க சின்ன மாமா," என்றாள் தீபா. "கேமராவுல முழுசும் இருக்கும்."

"போடுறா," என்றார் கருப்பணன். சோலைமலை வேறு வழியில்லாமல் டிவியில் போட்டான்.

படத்தில் கூடம் காலியாக இருந்தது. தொம்மென்ற சத்தம். பிறகு தீபா ஓடிவருகிறாள். "மச்சான்... மச்சான், கேக்குதா?" அவள் குரல் அந்தக் கூடத்திலேயே திரும்பக் கேட்டது. ஏழு தடவை கூப்பிட்டிருந்தாள். தீபாவுக்கே அது தெரியாது. யாரும் சோலைமலையின் முகத்தைப் பார்க்கவில்லை. ஷிப்ட் நேரத்தில் போன் பாக்கெட்டில் கிடந்திருக்கிறது. ஆம்பளை ஆள் உள்ளே வந்தபோதுதான் எடுத்துப் பார்த்திருக்கிறான். பிறகு அய்யனார், போர்வை, அதில் ரத்தத்தோடு கிழவி.

படம் முடிந்தது. தீபா மூச்சை விட்டாள். இனி என்ன சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தாள்.

"தூக்குறப்ப ரெண்டு பேரு கையும் ஒண்ணாத்தான கெடக்கு," என்றாள் மூலையிலிருந்து ஒரு பெரியம்மா.

யாரோ ஆமென்பது போலச் செருமினார்கள்.

"மதனி, நீங்க சொல்லுங்க," என்று கருப்பணன் கட்டிலைப் பார்த்துக் கேட்டார். "அன்னைக்கு நடந்தது என்ன?"

பொன்னழகு மகனைப் பார்த்தாள். அப்புறம் விட்டத்தைப் பார்த்தாள். "எனக்கு மயக்கம். ஒண்ணும் நெனப்பில்ல."

வேனில் போகும்போது வழியெல்லாம் "என்னைய விட்றாத தாயி" என்று தீபாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தவள் அவள். தீபா அந்தக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"நெசமோ பொய்யோ, நாலு பேரு பார்த்தாச்சு," என்றார் கருப்பணன். "கொஞ்ச நாளைக்கு அது தாய் வீட்டுல இருக்கட்டும். தோட்டத்தைப் பெரியவன் பார்த்துக்கட்டும்."

"நான் போகல மாமா."

"நீ பேசாத," என்றான் சோலைமலை.

"இது எம்புருஷன் பங்கு. எம்பிள்ளை இங்கதான் படிக்குது. நான் போகல."

கருப்பணன் தாடையைச் சொறிந்தார். "சரிப்பா, இவ போயிட்டா ஒங்கம்மாவுக்குப் பீ மூத்திரம் அள்ளுறது யாரு? திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போறியா?"

சோலைமலை தரையைப் பார்த்தான். "எம்பொண்டாட்டி வேலைக்குப் போறா சித்தப்பா. ரெண்டு ரூமு வீடு."

வேறு பேச்சு வேண்டியிருக்கவில்லை. தீபா இருக்கலாம் என்று ஆயிற்று. அய்யனார் வேன் அந்த வாசலுக்கு வரக்கூடாது. கொல்லைப்பக்கம் இன்னொரு கேமரா மாட்ட வேண்டும். சாயங்காலமே ஆள் வந்து மாட்டிவிட்டுப் போனான். எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தவள் தீபாதான்.

மறுநாள் விடியுமுன் பூ எடுத்து மூட்டை கட்டினாள். பொன்னழகைப் புரட்டித் துடைத்து, துணி மாற்றி, கஞ்சியையும் தண்ணீரையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தாள். கிழவி அவள் முந்தானையைப் பிடித்தாள். "தாயி..." என்றாள். தீபா அந்த விரல்களை மெதுவாகப் பிரித்துவிட்டாள். மகளுக்குத் தலை சீவி, பையை மாட்டிவிட்டு, மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

சுவர் பேசியது. "எங்க போற?"

"மார்க்கெட்டுக்கு. வேன் வராதுல்ல. பஸ்ஸுல போறேன்."

"யாரைக் கேட்டுப் போற?"

தீபா நின்றாள். இத்தனை நாளில் முதல் தடவையாக அந்தக் கண்ணாடியை நேராக ஏறிட்டுப் பார்த்தாள்.

"பூவை வித்துட்டு, பிள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டு, பத்து மணிக்கு வருவேன். எட்டு மணிக்கு அத்தைக்கு ஒருக்கா துணி மாத்தணும்," என்றாள். "பார்த்துக்கிட்டுத்தான இருக்கீக மச்சான். பார்த்துக்கங்க."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். முதுகுக்குப் பின்னால் கேமரா கிர்ரென்று கட்டில் பக்கம் திரும்புகிற சத்தம் கேட்டது. பஸ் நிறுத்தம் வரை நடந்தாள். எந்தக் குரலும் அவளைக் கூப்பிடவில்லை.