கழுவாத டம்ளர்

ஆணி அடிக்கிற சத்தத்தில் பழனியம்மாவின் அலமாரியில் கவிழ்த்திருந்த டம்ளர்கள் கிடுகிடுவென்று ஆடின. நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தின் பழைய லைன் வீடுகளில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அதன் மறுபக்கத்தில் மமதா படம் மாட்டிக்கொண்டிருந்தாள். பெங்களூரில் ஓவியம் படிக்கும் நிலா வரைந்து, கல்லூரியில் பரிசு வாங்கிய படம். நிலா பழனியம்மாவின் மகள். படம் மட்டும் மமதாவுக்குப் போய்விட்டது.

"வாங்கக்கா, பாருங்க. எங்க வூட்டு ஓட்டக் கெட்டிலை இன்னா அழகா போட்டுகிறா!" என்று மமதா வாசலில் வந்து கூப்பிட்டபோது போகாமல் இருக்க முடியவில்லை.

சாம்பலும் மங்கிய பழுப்புமாக இருந்தது படம். நசுங்கிய அலுமினியக் கெட்டில், பாதி அறுத்த வெங்காயம், அடியில் காபி காய்ந்துபோன டம்ளர், பக்கத்தில் சுருட்டிப் போட்ட கரித்துணி. எச்சில் டம்ளருக்கா பரிசு கொடுத்தார்கள்? விடியுமுன் எழுந்து, பெங்களூர் ரயிலுக்கு ஓடும் மகளுக்குச் சோறு கட்டித் தருபவள் இவள். இவள் வீட்டுக் கரண்டி ஒன்றுகூட அதில் இல்லை. பழனியம்மாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. பொறாமை என்று ஒப்புக்கொள்வாளா? தலைவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

சாயங்காலம் நிலா வந்ததும், தைலத்துக்கு அடங்காதது வாய்க்கு வந்துவிட்டது.

"ஏன்டி, நம்ம வூட்ல இல்லாதது அவ வூட்ல இன்னா கீது?"

நிலா பையைக்கூட இறக்கவில்லை. "இங்கதாம்மா மொதல்ல வரையறதுக்கு எல்லாத்தையும் செட் பண்ணேன், ஜன்னல்கிட்ட. மூஞ்சி கழுவிக்கினு வர்றதுக்குள்ள டம்ளரைக் கழுவிக் கவுத்துட்ட. வெங்காயம் சாம்பார்ல கெடந்துச்சு. மூணு வாட்டி வெச்சேன், மூணு வாட்டியும் எடுத்துட்ட."

"சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே. கொழாயில தண்ணி நின்னுடும், போடின்ன. மமதா ஆன்ட்டி நாலு நாளு ஒண்ணையும் தொடல. கேஸ் அடுப்பை முன்ரூமுக்குத் தூக்கிக்கினு போய் சமைச்சாங்க."

பழனியம்மாவுக்கு அந்த வெங்காயம் நினைவுக்கு வந்தது. அறுத்ததை அரைகுறையாகப் போட்டுவிட்டுப் போய்விட்டாள் சோம்பேறி என்று அன்றைக்குத் திட்டியதும் நினைவுக்கு வந்தது. இப்போது கெட்டில் உறுத்தவில்லை, பரிசும் உறுத்தவில்லை. மமதாவின் அடுக்களையில் தன் மகள் உட்கார்ந்திருந்த அந்த நாலு நாட்கள்தான் உறுத்தின.

மறுநாள் காலையில் ரயிலுக்கு ஓடிய அவசரத்தில் நிலா, காபி குடித்த டம்ளரை ஜன்னல் கட்டையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஒரு வாரமாக வராத தண்ணீர் அன்றைக்கு வந்தது. பழனியம்மா குடங்களை நிரப்பினாள். மற்ற பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்தாள். டம்ளரிடம் நீண்ட கையை மட்டும் பாதியில் மடக்கிக்கொண்டாள். சுவருக்கு அப்பால் மமதா யாருக்கோ படத்தைக் காட்டிச் சிரிப்பது கேட்டது. குழாய் இரண்டு முறை காற்றை ஊதிவிட்டு நின்றுபோயிற்று.

ஓர் எறும்பு டம்ளரின் விளிம்பில் ஏறியது. பழனியம்மா டம்ளரைத் தொடாமல் குனிந்து, எறும்பை மட்டும் ஊதித் தள்ளினாள். அடியிலிருந்து இன்னொன்று ஏறிக்கொண்டிருந்தது. நிலா வருவதற்குச் சாயங்காலம் ஆகும். முக்காலியை இழுத்துப் போட்டு ஜன்னலருகே உட்கார்ந்தாள்.