தலைக்கு ஓர் ஆபத்து மதிப்பீடு

ஆபத்தை மறைக்காமல் எதிர்கொள்பவனே வரலாற்றில் வாழ்கிறான். மறைப்பவன் அதன் அடியில் நசுங்கிச் சாகிறான்.

இந்த வாசகம் பிஸ்கட் ஆலையின் கை கழுவும் தொட்டிக்கு மேலே, சோப்பு தீர்ந்துபோன டப்பாவுக்குப் பக்கத்தில், நாலு மூலையிலும் டேப் போட்டு ஒட்டப்பட்டிருந்தது. எழுதியவர் ஆலையின் பாதுகாப்பு அதிகாரி. கீழே தேதி போட்டுக் கையெழுத்தும் வைத்திருந்தார். வரலாறு தேடிக்கொண்டு வந்தால் ஆள் யாரென்று குழம்பக் கூடாதல்லவா?

தொழிலாளர்கள் அவருக்கு வைத்த பெயர் ஹெல்மெட். கேன்டீனில் சாப்பிடும்போதுகூட அவர் அதைக் கழற்றியதில்லை. காரணம் வழுக்கை விழுந்த உச்சந்தலை என்பது மாவு பிசையும் எந்திரத்துக்கும் தெரியும்.

போன வருஷம், விபத்தே இல்லாமல் ஆயிரம் நாள் ஓட்டியதற்காக ஆலைக்கு விருது கொடுத்தார்கள். நடுவில் ஒருவருக்கு விரல் நசுங்கியது உண்மைதான். ஆனால் அது தன் வீட்டுக் கதவில் நசுங்கியது என்று அவரே எழுதிக் கொடுத்திருந்தார், அதிகாரி சொல்லச் சொல்ல. மேடையில் அதிகாரி ஹெல்மெட்டைக் கழற்றிக் குனிந்து கேடயத்தை வாங்கிய நேரம் பார்த்துப் படம் எடுத்துவிட்டார்கள். வரவேற்பறையில் மாட்டிய அந்தப் படத்தில் கேடயம் எது, தலை எது என்று சட்டென்று சொல்ல முடியாது. அடுத்த விருதுக்குள் முடி நட்டுக்கொண்டுவிடுவது என்று அன்றைக்கே முடிவெடுத்தார்.

ஒரே ஒரு சிக்கல். இரண்டு வருஷத்துக்கு முன் அவருடைய இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். ஆலையில் வாயுத் தொல்லை என்று சொல்லி லீவு போட்டிருந்தார். அன்றிலிருந்து தினமும் காலையில், ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு மாத்திரை. முடி மருத்துவமனையின் படிவத்தில் 'இதய நோய் உண்டா?' என்று ஒரு கேள்வியும், 'ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா?' என்று ஒரு கேள்வியும் இருந்தன. உண்டு என்றால் இதய டாக்டரிடம் கடிதம் வாங்கி வரச் சொல்வார்கள். அந்த டாக்டர் ஒரு கிலோ எடை கூடினாலே திட்டித் தீர்ப்பவர். இரண்டுக்கும் 'இல்லை' என்று எழுதினார், நல்ல கையெழுத்தில்.

அறுவைக்குப் பத்து நாள் இருக்கும்போது முன்தயாரிப்புத் தாள் வந்தது. புகை கூடாது, மது கூடாது, அன்று காலை தலைக்குக் குளித்துவிட்டுப் பொத்தான் வைத்த சட்டையில் வரவேண்டும், துணைக்கு ஓர் ஆள் வேண்டும். எல்லாம் சரி. கடைசி வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது: 'ரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்கள் கட்டாயம் முன்கூட்டியே தெரிவிக்கவும்.'

கட்டாயம் என்ற சொல்லை அவர் நூற்றுக்கணக்கான பலகைகளில் எழுதியிருக்கிறார். படிப்பவருக்கு எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

இரண்டாயிரத்து ஐந்நூறு முடி நடப்போகிறார்கள். பின்னந்தலையில் எடுக்க ஒரு துளை, முன்னால் நட ஒரு துளை. ஆகமொத்தம் ஐயாயிரம். மாத்திரையைச் சாப்பிட்டால் ஐயாயிரம் துளையிலும் ரத்தம் நிற்காது. நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும்.

அலுவலக அறையைச் சாத்திக்கொண்டு, பழகிய வழியிலேயே இறங்கினார். ஆலையில் எந்த வேலைக்கும் ஆபத்து மதிப்பீட்டுப் படிவம் உண்டு. நடக்கும் வாய்ப்புக்கு ஐந்துக்கு இத்தனை, விளைவுக்கு ஐந்துக்கு இத்தனை என்று போட்டுப் பெருக்க வேண்டும். பதினைந்தைத் தாண்டினால் சிவப்பு, வேலையை நிறுத்த வேண்டும்; அதற்குக் கீழே மஞ்சள், கவனமாகச் செய்யலாம். 'வேலை' என்ற கட்டத்தில் 'தலை' என்று எழுதினார். வாய்ப்பு நான்கு. விளைவு என்ற இடத்தில் 'மரணம்' என்று எழுதி ஐந்து போட்டார். இருபது வந்தது.

சிவப்பை மஞ்சளாக்கும் வித்தை அவருக்குத் தெரியாததா? 'தடுப்பு நடவடிக்கை: மனைவி உடன் இருப்பார்' என்று எழுதி, நான்கை இரண்டாகக் குறைத்தார். பத்து. கட்டத்துக்கு மஞ்சள் பூசினார்.

பூசிய கையோடு, மாவுக் கிடங்கின் துருப்பிடித்த இரும்பு ஏணிக்கும் இதே மஞ்சளைக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. அந்த ஏணியில் அவர் ஒரு நாளும் ஏறியதில்லை. பேனாவை மேசையில் வைத்தார்.

அறுவைக்கு ஏழு நாள் இருக்கும்போது ஒரு சமரசத்துக்கு வந்தார். மாத்திரையைக் காய்கறிக் கத்தியால் இரண்டாக வெட்டி, பாதியை மட்டும் விழுங்கினார். இதயத்துக்கும் வருத்தம் வராது, தலைக்கும் வருத்தம் வராது என்பது கணக்கு. அன்றிலிருந்து இரண்டுமே அவரை மிரட்டின. மாடிப்படியில் மூச்சு வாங்கினால் ஸ்டென்ட் அடைக்கிறது என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான்கு நாள் மீதியிருக்கையில் ஷேவ் செய்யும்போது தாடையில் பிளேடு கீறியது. பஞ்சை அழுத்திக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிஷம். மூன்று. ஐந்து. பஞ்சை எடுத்தால் மறுபடியும் சிவப்பாக ஒரு பொட்டு. ஒரு கீறலுக்கு இப்படியென்றால் ஐயாயிரத்துக்கு?

"என்னங்க, உள்ளயே தூங்கிட்டீங்களா?" மனைவி கதவைத் தட்டினாள்.

"ஷேவிங்."

"அரை மணி நேரமாவா? இருக்கறதே நாலு முடி."

"அது தலையில. இது தாடி."

"தாடில இருக்கறதப் புடுங்கி மேல நட்டா செலவு மிச்சம்." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள். "ஹார்ட் டாக்டர் நெசமாவே சரின்னாரா?"

"எத்தன தடவ கேப்ப? தாராளமா பண்ணிக்கங்கன்னார்."

"தாராளமாவா? அந்த மனுஷன் எனக்கு வணக்கமே அளந்துதான் சொல்வாரு."

அவர் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் சத்தத்தில் பதில் தேவைப்படவில்லை.

அந்த நாள் வந்தது. மருத்துவமனைச் சுவரெல்லாம் முன்னால், பின்னால் என்று ஜோடி ஜோடியாகத் தலைகள். 'பின்னால்' படங்களில் எல்லாரும் சிரித்தார்கள். அப்படிச் சிரிக்காமல் போனவர்களின் படத்தை எங்கே வைத்திருப்பார்கள் என்று அவருக்கு ஒரு யோசனை ஓடியது. துணைக்கு வந்தவர்கள் வெளியே உட்கார வேண்டும் என்றார்கள். தடுப்பு நடவடிக்கை கைப்பையோடு வெளியே உட்கார்ந்துவிட்டது.

உள்ளே நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள்.

"கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு சார். பயமா?"

"நான் பாதுகாப்பு அதிகாரிம்மா."

"அதான் கேட்டேன்." அவள் எழுதிக்கொண்டாள். "மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறீங்களா?"

சொல்லிவிட இதுதான் நேரம். வாயைத் திறந்தார்.

"தலைவலிக்குக்கூடப் போடமாட்டேன்" என்று வந்தது.

மெஷின் வைத்து இருந்த முடியையும் மழித்தார்கள். கண்ணாடியில் பார்த்தபோது பிணவறையில் அடையாளம் காட்டுவதற்காகத் துடைத்து வைத்த முகம்போல இருந்தது. சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, கண்மேல் ஒரு துண்டைப் போட்டார்கள். இருட்டு. தட்டில் எஃகுச் சாமான்கள் ஒன்றோடொன்று உரசும் ஒலி. இதயம் காதுக்குள் அடித்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணினார். நடுவில் ஒரு துடிப்பு விட்டுப்போனது போலிருந்தது. வெளியே இருக்கும் மனைவியை எப்படிக் கூப்பிட்டுச் சொல்வார்கள்? யார் சொல்வார்கள்? அந்த நர்ஸா?

"ஆரம்பிக்கலாமா சார்?" மருத்துவரின் குரல்.

தலையசைத்தாரா, தலை தானாக ஆடியதா என்று அவருக்கே தெரியவில்லை. நெற்றியில் சில்லென்று கூர்மையாக ஒன்று பட்டு நகர்ந்தது. காதோரமாக ஈரம் வழிந்தது.

"ரத்தம்! நிக்காது டாக்டர், நிக்கவே நிக்காது! ஸ்டென்ட் வெச்சிருக்கு! ரத்தத்த இளக்குற மாத்திர சாப்பிடறேன்! பாதி! ஏழு நாளா நானே பாதியா வெட்டிச் சாப்பிடறேன்! ஹார்ட் டாக்டர்கிட்ட கேக்கவே இல்ல! வயசும் நாப்பத்தேழு இல்ல, அம்பத்தி மூணு! என்னக் காப்பாத்துங்க!"

கதவு திறந்தது. மனைவி நின்றிருந்தாள். கைப்பையிலிருந்து போனை எடுத்து ஹார்ட் டாக்டரின் நம்பரைத் தேடத் தொடங்கினாள். அவருக்கு அதுவும் பயமாக இருந்தது.

மருத்துவர் துண்டை எடுத்தார். "நீங்களா மாத்திரையக் கொறச்சது ரொம்பத் தப்பு சார். அதுதான் உயிருக்கு ஆபத்து. இப்பவே நேரா ஹார்ட் டாக்டர்கிட்ட போங்க. முடிய அவர் எழுதிக் குடுத்தப்புறம் பாத்துக்கலாம்."

"ரத்தம்..." என்றார் அதிகாரி.

நர்ஸ் பஞ்சால் காதோரத்தைத் துடைத்துக் காட்டினாள். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. வழிந்தது வியர்வை.

மருத்துவர் கையில் இருந்ததை மூடி, சட்டைப் பையில் செருகினார். முடி எந்த இடத்தில் தொடங்க வேண்டும் என்று கோடு போடும் பேனா அது. மரத்துப்போகச் செய்யும் ஊசியை இன்னும் உறையிலிருந்து பிரிக்கவே இல்லை.