ஒன்பதாம் கட்டிலுக்கான ஜெபம்

1

பதினொன்று ஐந்துக்குப் போன் வந்தது. செவ்வாய்க்கிழமை.

இந்த ஒரு வரிதான் நான் கேட்டபடியே இருக்கிறது. ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு வரும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண்மணி இதைத் தன் தங்கைக்குப் போனில் சொல்லிக்கொண்டு வந்தார். பாரிவாக்கம் சிக்னலில் வண்டி நின்ற நேரம்தான் இந்தக் கதையின் நீளம். பூந்தமல்லியில் அவர் இறங்கிவிட்டார். முடிவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். காதில் விழாததை நான் போட்டு நிரப்பியிருக்கிறேன்.

முதலில் வேறு மாதிரித் தொடங்கினேன்:

பாரிவாக்கத்தில், வேப்பமரங்களின் நிழலில், அமைதியே உருவான ஒரு முதியோர் இல்லம் —

வேப்பமரம் கிடையாது. மனைப்பிரிவுக் கொடிகளும் தண்ணீர் லாரிகளும்தான். அமைதியும் கிடையாது. இருபத்திரண்டு பேர். பாதிப் பேருக்குக் காது மந்தம். ஆகவே எல்லோரும் சத்தமாகத் துதிக்கிறார்கள்.

இன்னொன்று:

வாழ்க்கையின் மாலைப்பொழுதில் —

மன்னிக்கவும்.

2

போன் வந்தது சரசாவுக்கு. வயது எழுபத்தொன்று. கணவர் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஊழியர். ஓய்வுபெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலிசெய்தார், இரண்டு வருடத்தில் உலகத்தையும். இப்போது சரசா காட்டுப்பாக்கத்தில், மகன் விஷாலின் வாடகைப் பிளாட்டில், ஹாலில், சோபாவில் இருக்கிறாள். மாதக் கடைசியில் விஷாலும் மருமகள் ஷர்மிளாவும் பெங்களூருக்கு மாறுகிறார்கள்.

"அங்க ஒரே ரூம்தாம்மா" என்றான் விஷால். "உனக்குத்தான் சபையோட ஹோம் இருக்கே."

ஹோம் இருக்கிறது. கட்டில் இல்லை.

அது சரசா போகும் கிறிஸ்தவ சபையின் மூத்த அங்கத்தினர்களுக்கு மட்டுமான இல்லம். "இடம் வந்தா சொல்றோம்" என்பாள் வார்டன் ஹேமாவதி. இடம் எப்படி வரும் என்பதை அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. காத்திருப்போர் பட்டியலில் சரசா ஒன்றாம் எண்.

(பக்கத்தின் அடியில் போயிருக்க வேண்டிய குறிப்பு: இந்த இல்லத்துக்குக் கட்டட அனுமதி நான்கு வருடம் இழுத்தது. சரசா நாற்பது நாள் உபவாசமிருந்து ஜெபித்தாள். நாற்பத்தோராம் நாள் அனுமதி வந்தது. பாஸ்டர் ஞானசேகரன் இதை இன்றும் மேடையில் சாட்சியாகச் சொல்கிறார். பட்டியலை மட்டும் யாருக்காகவும் மாற்றமாட்டார். நேர்மையானவர்.)

சரசா ஜெபித்தால் நடக்கும். சபையில் எல்லோருக்கும் தெரியும். பாடியில் ஒருவருக்குச் சிறுநீரகக் கல் வெளியே வந்திருக்கிறது. அம்பத்தூரில் மூன்று பேருக்கு விசா. அவள் கெஞ்சமாட்டாள். ரேஷன் கடையில் கேட்பதுபோலக் கேட்பாள்: இன்னிக்கே, இப்பவே, எடை குறையாமல். "உமக்குச் சித்தமானால்" என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சபையில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை. அது டாக்டர் கைவிட்ட பிறகு சொல்வது. ஜெபத்தில் அது காதில் விழுந்தால் வீட்டார் ஷாமியானாக்காரருக்குப் போன் போட்டுவிடுவார்கள்.

3

சரசா வாரம் ஒருமுறை இல்லத்துக்குப் போவாள்.

மீன் கடையில் செவுளைத் தூக்கிப் பார்ப்பவள்போல ஒவ்வொரு கட்டிலாக —

அடித்துவிட்டேன். அவ்வளவு கெட்டவள் இல்லை. ஆரஞ்சு வாங்கிப் போனாள். உரித்துக் கொடுத்தாள். நகம் வெட்டிவிட்டாள். யார் தட்டில் எத்தனை இட்லி மிச்சம் என்பது மட்டும் கண்ணில் பட்டது. கண் இருந்தால் படத்தான் செய்யும்.

இரண்டாம் எண் மதிவதனி. அவளும் ஆரஞ்சோடு வருவாள். பெற்ற பிள்ளைகள் வராத அந்த இடத்துக்குப் பட்டியல் தவறாமல் வந்தது.

4

"அனுசுயாம்மாவுக்கு முடியல" என்றாள் ஹேமாவதி போனில். "ஒன்பதாவது பெட். நாலு நாளா கஞ்சிகூட எறங்கல. பாஸ்டர் உங்களத்தான் கூப்பிடச் சொன்னாரு. நீங்க வந்து ஜெபிச்சாதான் ஆகும்ன்றாரு."

சரசாவுக்கு முதலில் தோன்றியது: ஒன்பது, சன்னலோரம். அடுத்துத் தோன்றியது: ஆண்டவரே, மன்னியும். இந்த வரிசையை மாற்றலாமா என்று யோசித்தேன். மாற்றவில்லை.

இல்லத்து வாசலில் மதிவதனி நின்றாள்.

"வந்துட்டியாக்கா? இன்னா ஜெபம் பண்ணப் போற?"

"இன்னா ஜெபமா? சொகத்துக்குத்தான்."

"அதான் எனக்குப் பயமா கீது. நீ கேட்டா அவரு குடுத்துடுவாரே. கெழவி எழுந்து குந்திகினு இன்னும் பத்து வருசம் இட்லி துண்ணும்."

"வாயக் கழுவுடி."

"கழுவிக்கிறேன். மாசக் கடைசில நீ எங்க படுப்ப? அதச் சொல்லு மொதல்ல."

சரசா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

5

அனுசுயா பாடியில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் முப்பது வருடம் பாத்திரம் கழுவியவள். பிள்ளை இல்லை. கண் மூடியிருந்தாள். கட்டிலைச் சுற்றிப் பாஸ்டர், ஹேமாவதி, கூட இருக்கும் நான்கு பெண்கள். மதிவதனி அறை வாசலோடு நின்றுகொண்டாள்.

"கர்த்தர் உங்களை வல்லமையாய்ப் பயன்படுத்துவார், சிஸ்டர்" என்றார் பாஸ்டர்.

சரசாவால் முழங்கால் போட முடியாது. மெத்தையில் கையை ஊன்றிக்கொண்டாள். மெத்தை புதிது.

ஜெபத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

(அ) ஆண்டவரே, இவளை எழுப்பும். — எழுப்பிவிடுவார். சரசா தெருவில்.

(ஆ) ஆண்டவரே, இவளை எடுத்துக்கொள்ளும். — யாரும் இப்படிக் கேட்கமாட்டார்கள். சத்தமாக.

மூன்றாவதுதான் மதிவதனி காதில் விழுந்தது:

"ஆண்டவரே, உம்ம புள்ள அனுசுயாவத் தொடும். இன்னிக்கே தொடும். கஞ்சி எறங்கட்டும். கால் ஊனி நடக்கட்டும்..."

நிறுத்தினாள்.

"...உமக்குச் சித்தமானா."

ஆமென் சொல்லத் திறந்த வாயைப் பாஸ்டர் மூடிக்கொண்டார். ஹேமாவதி பட்டியல் நோட்டு இருக்கும் அலுவலக அறையைத் திரும்பிப் பார்த்தாள். நான்கு பெண்களும் தரையைப் பார்த்தார்கள். வாசலிலிருந்து மதிவதனி மட்டும் கணீரென்று, "ஆமென்!"

அனுசுயா ஒரு கண்ணைத் திறந்தாள்.

6

முடிவுகள் கைவசம் உண்டு.

ஒன்று. அனுசுயா மறுநாள் போய்ச் சேர்கிறாள். சரசா சன்னலோரத்தில் படுக்கிறாள். மதிவதனி ஒன்றாம் எண்ணாகி, ஆரஞ்சோடு வந்து, சரசாவின் தட்டைப் பார்க்கிறாள். (அழகாக இருக்கிறது. அதனால்தான் நம்பிக்கை வரவில்லை.)

இரண்டு. அனுசுயா பிழைக்கிறாள். மேடையில் சாட்சி. சரசாவுக்குச் சால்வை. சால்வையோடு கீழே இறங்கியவள் எங்கே போனாள் என்று யாரும் கேட்கவில்லை.

மூன்று. விஷால் மனம் மாறி, அம்மாவை —

இதைப் பாதியில் விட்டதற்கு விஷாலைத் தெரிந்தவர்கள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பேருந்தில் பேசியவர் மதிவதனி. சரசாவைப் பற்றி அவர் சொன்னதை இரண்டாம் எண் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அனுசுயா போனால் அவருக்கு ஒரு படி ஏற்றம். எனக்கும் ஒரு கதை முடிந்துவிடும். ஆக, அந்தக் கட்டில் காலியாகக் காத்திருப்பவர்கள் சரசாவோடு மூன்று பேர். நான்காம் எண் இவ்வளவு தூரம் படித்துக்கொண்டு வந்திருக்கிறது. முடிவு அதனிடம் இருக்கட்டும்.

சிக்னல் விழுவதற்குமுன் மதிவதனி கடைசியாகச் சொன்னதை மட்டும் வைத்துவிட்டுப் போகிறேன்.

மதிவதனி வாசலிலேயே நின்றாள், மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். சரசா கட்டிலோரம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தாள். கையில் ஏதாவது வேலை வேண்டியிருந்தது. ஒரு சுளையை நீட்டினாள். அனுசுயா சுளையை வாங்கவில்லை. சரசாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதான் ஒண்ணாவதுன்னு தெரியும், சரசா. ஹேமா போன மாசமே சொல்லிச்சி. கோவம்லாம் இல்ல. நானும் ஒண்ணாவதா இருந்துதான் இங்க வந்தேன். நானும் ஆரஞ்சுதான் வாங்கியாந்தேன்."

மூச்சு வாங்கினாள். பிடியை விடவில்லை.

"இன்னொரு தபா ஜெபம் பண்ணு. இந்தத் தபா அந்த வார்த்தைய உட்டுட்டுப் பண்றியா?"