டராலியா வளைவில் ஓட்டியவள்

நெவில் ட்ரிஃபிட் தரைவிரிப்புக் கடை வைத்திருந்தான். ஆனால் நியூ நார்ஃபோக்கில் அவன் பெயரைச் சொன்னால் யாருக்கும் தரைவிரிப்பு நினைவுக்கு வராது. மழையிலும் பனியிலும் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டத் தெரிந்தவன் என்பதுதான் அவனுக்கு இருந்த பெயர். அங்கே ஜூலைதான் நடுக்குளிர்காலம்; அந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் சங்கத்தார் எல்லோரும் வரிசையாக மலைப்பாதையில் போவார்கள். கிளம்புவதற்கு முன் நெவில் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று பேசுவான்.

"பின்சக்கரம் தள்ளுற வண்டி மாமியார் மாதிரி. முன்னாடி நல்லாத்தான் சிரிக்கும், பின்னாடிதான் வேலையைக் காட்டும். ஈர ரோட்டு வளைவுல பயந்துபோய் ஆக்ஸிலரேட்டர்ல இருந்து டக்குனு காலை எடுத்தீங்கன்னா வால் சுத்திக்கிட்டு முன்னாடி வந்துடும். பிரேக்கை மிதிச்சீங்க, கதை முடிஞ்சுது. காலைப் பதமா வெச்சிருங்க. போற இடத்தைப் பாருங்க, மரத்தைப் பாக்காதீங்க."

வருஷா வருஷம் இதே பேச்சு. கூட்டம் சிரிக்கும். அவன் மனைவி டெல்வின் பக்கத்து மேசையில் எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பாள்.

டெல்வின், போத்வெல் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ஆட்டுப்பண்ணையில் பிறந்தவள். சுமை ஏற்றாத பண்ணை வண்டிக்குப் பின்பக்கம் காகிதம்போல லேசாக இருக்கும். உறைபனி விழுந்த மேய்ச்சல் நிலத்தில் அது நாய் வாலை ஆட்டுவதுபோல ஆடும். அதில் தீவனக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, வெறும் வண்டியைத் திருப்பிக் கொண்டுவருவதுதான் சிறுவயதில் அவள் வேலை. நெவில் பெட்டிமேல் நின்று சொல்வதில் அவள் ஒரு பிழையும் கண்டதில்லை. சொல்வதெல்லாம் சரி. ஓட்டும்போது, சாலை நனைந்திருந்தால், அவன் விரல்கள் ஸ்டியரிங்கில் வெளுத்துப்போவதையும் அவள் பார்த்திருக்கிறாள். அவனுடைய மஞ்சள் கார் பழையது, இரண்டே இருக்கை. வழுக்கினால் தானே சமாளித்துக்கொள்ளும் கருவி எதுவும் அதில் கிடையாது. அதை ஓட்டு என்று அவளிடம் அவன் சொன்னதே இல்லை. அவளும் கேட்டதில்லை.

அந்த வருடம், ஊர்வலத்துக்கு ஒரு வாரம் முன்னால், பாதை எப்படி இருக்கிறதென்று பார்த்து வர இருவரும் கிளம்பினார்கள். காலையில் மழை விட்டிருந்தது. ஊஸ் என்ற ஊரைத் தாண்டி டராலியாவுக்கு ஏறும் மலைவழியில் யூகலிப்டஸ் மரங்கள் சாலையை மூடி நின்றன. வெயில் படாத தார், அதன்மேல் ஈரப்பட்டைகள்.

"கொஞ்சம் மெதுவா, நெவ்," என்றாள் டெல்வின்.

"டயர் சூடாயிடுச்சு, ரோட்டை நல்லாப் பிடிக்கும். எனக்குத் தெரியும்."

அடுத்த வளைவு அவன் எதிர்பார்த்ததைவிட இறுகியது. பின்பக்கம் லேசாக விலகியது. பெரிதாக ஒன்றுமில்லை; காலை அப்படியே வைத்திருந்தால் கார் தானே நிமிர்ந்திருக்கும். அவன் காலைப் பிடுங்கினான். பிறகு பிரேக்கை மிதித்தான். மரங்கள் கண்ணாடியில் பக்கவாட்டாக ஓடின. இடப்பக்கக் கதவு ஒரு மரத்தில் மோதி நின்றது. டெல்வின் உட்கார்ந்திருந்த பக்கம்.

அவளுக்குக் காறை எலும்பு முறிந்தது. அவனுக்கு ஒரு கீறலும் இல்லை. அவள் பக்கக் கதவு நசுங்கிப்போனதால் அவளைத் தன் இருக்கை வழியாகவே இழுத்து வெளியே எடுத்தான். சாலையோரம் அவளை உட்கார வைத்து, தன் மேல்கோட்டைப் போர்த்தினான். கீழே எங்கோ மரம் ஏற்றும் லாரி ஒன்று ஏறி வரும் சத்தம் கேட்டது.

"டெல், ஒண்ணு கேப்பேன், மாட்டேன்னு சொல்லாத."

"ஆம்புலன்ஸைக் கூப்பிடு."

"கூப்பிடுறேன். நீதான் ஓட்டினேன்னு சொல்லிடு."

அவள் அவனைப் பார்த்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை நான் எப்படிப் போய் அந்தப் பெட்டி மேல நிப்பேன்? உன்னை யாரு என்ன சொல்லப் போறா? உனக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்ல."

லாரி வளைவைத் தாண்டி வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி ஓடி வந்து, "யாரு ஓட்டினது?" என்று கேட்டார். நெவில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் இருந்த பயத்தை அவள் அதற்கு முன் கண்டதில்லை. அதைப் பார்க்கச் சகிக்காமல்தான், "நான்தான்," என்றாள்.

டெல்வின் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும் மகள் பிரையனி அவளைக் குளிப்பாட்ட வந்தாள். சட்டையைக் கழற்றியவள் அப்படியே நின்றுவிட்டாள். சீட் பெல்ட் இழுத்த தடம் கன்றிக் கறுத்து, இடது தோளிலிருந்து வலது இடுப்புவரை குறுக்கே இறங்கியிருந்தது.

"அம்மா, ஓட்டுறவங்களுக்கு பெல்ட் வலது தோள்லதான வரும்."

"தண்ணி ஆறிடப் போகுது."

"அப்பாதான ஓட்டினாரு?"

"ஆமா. உனக்குத் தெரிஞ்சா போதும். வெளிய சொல்லாத."

பிரையனி தலையசைத்தாள். அம்மாவின் முதுகில் மெல்லத் தண்ணீர் ஊற்றினாள். தன் பக்கம் ஒருத்தி இருக்கிறாள் என்று டெல்வினுக்கு அன்று ஆறுதலாக இருந்தது.

அந்த ஞாயிறு நெவில் மெர்வ் என்ற நண்பனின் காரில் ஏறிக்கொண்டு ஊர்வலத்துக்குப் போனான். மஞ்சள் கார் வசந்தத்தில் பட்டறையிலிருந்து வந்தது. அதற்குள் ஊரே டெல்வினைக் கேலி பேசப் பழகியிருந்தது. கறிக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "நடந்தா வந்தீங்க? ரோட்டுக்கு நல்ல காலம்," என்பார். தேவாலயத்தில் ஒருத்தி அவளிடம், "நெவில் பாவம், அந்தக் காரைப் பிள்ளை மாதிரி வளத்தாரு," என்றாள். டெல்வின் சிரித்து வைத்தாள். நெவில் ஆரம்பத்தில் இதைக் கேட்டால் பேச்சை மாற்றுவான். பிறகு மாற்றுவதை விட்டான். கோடை முடிவதற்குள் அவனே சொல்லிச் சிரிக்கத் தொடங்கினான்.

ஒருமுறை வீட்டில் அவள் கேட்டாள்: "நெவ், என்ன நடந்ததுன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?"

"எதை?"

"டராலியாவுல."

"இப்ப எதுக்கு அது?" என்று அவன் செய்தித்தாளை எடுத்துக்கொண்டான். எரிச்சலோடுதான் சொன்னான். செய்யாத தப்பைக் கேட்டுத் தொந்தரவு செய்யப்பட்டவனின் எரிச்சல் அது.

மறு ஜூலை வந்தது. ஊர்வலம் முடிந்து எல்லோரும் ஹாமில்டன் விடுதியில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். வெளியே சாய்மழை. ஆட்டுக்கறி வறுவலும் பூசணி சூப்பும் வந்தன. பிரையனியும் கணவனோடு வந்திருந்தாள். மருமகன் நெவிலின் கடையில்தான் வேலை பார்த்தான், கடை ஒருநாள் தங்களுக்கு வரும் என்பது அவர்கள் கணக்கு. புதிதாகச் சேர்ந்த ஒரு பையன், வளைவில் பின்பக்கம் விலகினால் என்ன செய்வது என்று கேட்டான். நெவில் எழுந்தான்.

"என்ன செய்யக் கூடாதுன்னு என் பொண்டாட்டியைக் கேளு. காலைப் பிடுங்கினா, பிரேக்கை மிதிச்சா, என் காரை மரத்துல கொண்டுபோய் ஒட்டினா. நான் பக்கத்துல உக்காந்து 'மெதுவா, டெல், மெதுவா'ன்னு கத்திக்கிட்டே இருக்கேன்."

மேசை அதிரச் சிரித்தார்கள். அன்று தான் சொன்ன 'மெதுவா'வையும் எடுத்துக்கொண்டுவிட்டான் என்று டெல்வின் நினைத்தாள். முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் ஓட்டல. நெவில்தான் ஓட்டினான். பழியை ஏத்துக்கன்னு கேட்டான், ஏத்துக்கிட்டேன்."

மெர்வ், "அடேங்கப்பா, ஒரு வருஷம் யோசிச்சுக் கண்டுபிடிச்சிருக்கா," என்றான். சிரிப்பு முன்னைவிடப் பெரிதாக எழுந்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது நெவில்தான்.

டெல்வின் மகளைத் திரும்பிப் பார்த்தாள். "நீ சொல்லு, பிரையனி. நீ பாத்தியே."

பிரையனி கணவனைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு தட்டிலிருந்த உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டினாள்.

"நான் அங்க இல்லையேம்மா," என்றாள்.

டெல்வின் தன் தட்டில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டு முடித்தாள். எழுந்து, நெவிலின் தட்டருகே கிடந்த சாவியை எடுத்தாள்.

"நான் ஓட்டுறேன்," என்றாள்.

"வழியில போறவங்களையெல்லாம் மரத்துல ஏறிக்கச் சொல்லுங்கப்பா," என்று மெர்வ் கத்தினான். இத்தனை பேர் பார்க்கும்போது நெவிலால் மறுக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே வந்து இடப்பக்கம் ஏறினான்.

மழை கண்ணாடியில் அறைந்தது. தாழ்வான இடங்களில் சாலைமேல் தண்ணீர் ஓடியது. அவள் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் காலை அசைக்காமல் வைத்து, நிமிரும்போது கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினாள். ஓரிடத்தில் பின்பக்கம் நழுவப் பார்த்தது. ஸ்டியரிங்கை ஒரு விரற்கடை திருப்பினாள். கார் அடங்கியது. நெவில் கதவின் கைப்பிடியை விடவே இல்லை. வெகுதூரம் போன பிறகு, "நல்லாத்தான் ஓட்டுற," என்றான், குரலே எழும்பாமல்.

"இதை அங்க சொல்லியிருக்கலாம்."

"சும்மா வேடிக்கைக்குத்தான பேசினோம். எல்லாத்தையும் மனசுல வெச்சுக்காத, டெல்."

வீட்டு வாசலில் நிறுத்தினாள். நெவில் இறங்கிக் குடையை விரித்தான். அவள் கதவைத் திறக்கக் காத்திருக்கவில்லை. குனிந்து, காரை ஒரு சுற்றுச் சுற்றி, எங்காவது கீறல் விழுந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தான். துடைப்பான் போய் வந்துகொண்டிருந்த கண்ணாடி வழியே டெல்வின் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை எங்காவது போய்விட வேண்டும் என்ற எண்ணமே அவளுக்கு இல்லை.

அவள் எஞ்சினை அணைக்காததைக் கவனித்து அவன் ஜன்னலில் தட்டினான். "இறங்கு. நனைஞ்சுக்கிட்டு நிக்கிறேன்."

"போத்வெல் போறேன். அண்ணன் வீட்டுக்கு."

"இந்த மழையிலயா? மேல பனி கொட்டும். எப்ப வருவ?"

அவள் கிளம்பினாள். மேட்டில் பனி கொட்டத்தான் செய்தது. இருட்டுவதற்குள் அண்ணன் வீட்டு முற்றத்தில் காரை நிறுத்திவிட்டாள்.

திரும்பிப் போகவில்லை. பிரிவுக்கான காகிதங்கள் எழுதியபோது, அந்தக் கார் தனக்கு வேண்டாம் என்று நெவில் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டான். அது ஊருக்குப் பிடித்திருந்தது. முதலில் காரை இடித்தாள், பிறகு காரையே கொண்டுபோய்விட்டாள் என்று சங்கத்தில் பேசிக்கொண்டார்கள். நெவில் புதிதாக ஒன்று வாங்கி அடுத்த ஜூலையிலும் பெட்டிமேல் ஏறினான். பிரையனி கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினாள். அதில் குழந்தைகளைப் பற்றி எழுதியிருந்தாள், வேறொன்றும் இல்லை.

போத்வெல்லில் டெல்வினுக்குப் பள்ளிச் சமையலறையில் வேலை கிடைத்தது. மழையானாலும் பனியானாலும் மஞ்சள் காரில்தான் போய் வருகிறாள். இதுவரை எதிலும் உரசியதில்லை. ஆனால் எதிரே வருகிறவர்கள் அந்த நிறத்தைத் தூரத்திலேயே கண்டுகொள்கிறார்கள். வேகத்தைக் குறைத்து, ஓரத்துச் சேற்றில் சக்கரம் இறங்கும் அளவுக்கு ஒதுங்கி, அவள் கடந்துபோகும்வரை நின்றுவிட்டு, பிறகுதான் எடுக்கிறார்கள். வழக்கம்போல ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தி வணக்கமும் சொல்கிறார்கள். அவளும் உயர்த்துகிறாள்.