இரண்டு கோல் வேண்டும்

கோல் காத்து நின்ற ஹபீப் முகம்மதுவுக்கு உள்ளங்கை வேர்த்தது. வேட்டியில் துடைத்தார். மறுபடி வேர்த்தது.

1910-ஆம் வருஷத்து ஆடிக் காற்று பாளையங்கோட்டை மைதானத்துச் செம்மண்ணை வாரி வாரி இறைத்துக்கொண்டிருந்தது. மதராசில் நடக்கிற பெரிய கால்பந்துப் பந்தயத்துக்கு ஜில்லாவிலிருந்து ஒரே ஒரு அணிதான் போகலாம். பாளையங்கோட்டை, நாசரேத், தூத்துக்குடி மூன்றும் தங்களுக்குள் மோதின. நாசரேத்திடம் பாளையங்கோட்டை ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றது. அன்றைக்குத் தோற்கடித்த கடைசிப் பந்து ஹபீபின் விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு போனதுதான். நாசரேத்தையே தூத்துக்குடி இரண்டு கோல் வித்தியாசத்தில் மடக்கியது. இன்றைக்குத் தூத்துக்குடியை வெறுமனே ஜெயித்தால் போதாது. மூன்று அணிக்கும் ஒவ்வொரு வெற்றி என்று ஆகிவிடும், அப்போது கோல் கணக்கில் தூத்துக்குடி முந்திக்கொள்ளும். இரண்டு கோல் வித்தியாசம் வேண்டும்.

ஒன்று போட்டாயிற்று. இன்னொன்றுதான் வரமாட்டேன் என்றது.

தூத்துக்குடிக்காரர்கள் விவரமானவர்கள். ஒரு கோலில் தோற்றாலும் மதராசு அவர்களுக்குத்தான். பத்துப் பேரும் தங்கள் கோலுக்கு முன்னால் கூடி நின்று, வந்த பந்தையெல்லாம் வானத்துக்கு அடித்தார்கள்.

"சுவரு மாதிரி நிக்கானுவ வே!" என்று முன்வரிசையில் ஆடிய வண்டிக்காரப் பலவேசம் மூச்சிரைக்கக் கத்தினார். அணித் தலைவர் நேசையா வாத்தியார் நடுவராக நின்ற வெள்ளைக்காரத் துரையின் கையிலிருந்த கடிகாரத்தையே பார்த்தார்.

அப்படி அவர்கள் அடித்த பந்தொன்று காற்றில் மிதந்து ஹபீபின் மார்பில் வந்து விழுந்தது. கெட்டியாகப் பிடித்தார். எதிரே பாதி மைதானம் ஆளில்லாமல் கிடந்தது. அந்தக் காலத்தில் கோல் காப்பவர் நடுக்கோடு வரை பந்தைக் கையால் தொடலாம். தரையில் தட்டித் தட்டித்தான் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கோலை அம்போவென்று விட்டுவிட்டு யார் போவார்கள்?

ஹபீப் போனார்.

"ஏலே, கைப்பந்து! கைப்பந்து!" என்று தூத்துக்குடிக் கூட்டம் கூச்சலிட்டது. துரை விசிலை வாயருகே கொண்டுபோகக்கூட இல்லை.

"ஹபீபு! எங்கன வாரீரு? திரும்பும் வே!" நேசையா அலறினார்.

ஹபீப் காதில் வாங்கவில்லை. தட்டினார், ஓடினார், தட்டினார். நடுக்கோட்டை நெருங்கியதும் தூத்துக்குடிக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. மூன்று பேர் சுவரை விட்டுப் பாய்ந்து வந்தார்கள். அவர்கள் நின்றிருந்த இடத்தில் வெளிச்சம் தெரிந்தது.

"பலவேசம், பிடியும்!"

பந்தை அந்த இடைவெளியில் உருட்டிவிட்டார். பலவேசத்தின் வெறுங்கால் அதை அப்படியே வாங்கி ஓர் உதை உதைத்தது. கம்பத்தில் இடித்துப் பந்து உள்ளே போய் விழுந்தது.

மைதானம் அதிர்ந்தது. தலைப்பாகைகள் பறந்தன. பலவேசம் ஹபீபைக் கட்டிக்கொள்ள ஓடிவந்தார்.

"விடும் வே, இன்னும் முடியல!" என்று உதறிவிட்டு ஹபீப் தம் கோலுக்கு ஓடினார்.

இப்போது தூத்துக்குடிக்கு ஒரு கோல் தேவை. பத்துப் பேரும் அலை மாதிரி ஏறி வந்தார்கள். அவர்களில் நெட்டையாக இருந்த ஒருவன் நேசையாவை வெட்டித் தாண்டி ஓங்கி அடித்தான். பந்து இடது மூலைக்குப் பறந்தது. ஹபீப் "யா அல்லாஹ்!" என்று பாய்ந்தார். விரல்கள் மடங்கின, மணிக்கட்டு சுளீரென்றது, நெற்றி செம்மண்ணில் உராய்ந்தது. கண்ணில் மண். பந்து எங்கே போயிற்றென்று தெரியவில்லை. வயிற்றுக்கடியில் ஏதோ உருண்டையாக உறுத்தியது.

நீளமாக விசில் கேட்டது.

யாரோ அவரைப் புரட்டிப் போட்டார்கள். நேசையா மண்டியிட்டு, "ஹபீபு, மதராசுக்குப் போறோம் வே! மதராசுக்கு!" என்றார். ஹபீப் இரண்டு கையாலும் பந்தை இறுகக் கட்டிக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். எவ்வளவு கேட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை. பலவேசம் அவரைப் பந்தோடு சேர்த்துத் தோளில் தூக்கி, அவர் வீடிருந்த மேலப்பாளையம் வரைக்கும் தெருத்தெருவாகக் கொண்டுபோனார்.