மஞ்சள் என்று எழுதிய குச்சி

பெயிண்டருக்குத் தெரியாத மஞ்சள் கிடையாது. பெயிண்ட் கம்பெனி கொடுக்கும் ஷேட் கார்டில் இருக்கும் பதினெட்டு மஞ்சளையும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார். அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு மஞ்சள் மூன்று வருஷமாகத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

நர்ஸ் வேலை பார்க்கும் அவருடைய அக்கா, தோட்டம் வைத்த பழைய வீட்டைக் காலி செய்து ஐந்தாவது மாடிக்குக் குடிபோனபோது, ஒரு கல்வாழைக் கிழங்கைச் செய்தித்தாளில் சுற்றித் தம்பியிடம் கொடுத்தாள். மற்ற கிழங்குகளையெல்லாம் வீட்டை இடிக்க வந்தவர்கள் மண்ணோடு வாரிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் அது ஒன்றுதான்.

"மஞ்சப் பூ பூக்கும். வருஷா வருஷம் தானா முளைக்கும். நீ ஒண்ணும் கிழிக்க வேண்டாம், சாகடிக்காம இருந்தா போதும்."

"எந்த மஞ்சள்க்கா?"

"மஞ்சள்னா மஞ்சள்தான்டா. இதுல என்ன எந்த மஞ்சள்?"

அக்கா அப்படிப் பேசியதிலும் நியாயம் இருந்தது. சின்ன வயதில் அவர் வளர்த்த மீன் நான்கு நாள், முயல் ஒரு மாதம், ரோஜாச் செடி நட்ட அன்றே சரி. "உன் கையில எதுவும் தங்காது" என்று சொல்லிச் சொல்லி அக்காவுக்கு அது வாய்ப்பாடாகவே ஆகிவிட்டது. இது ஒன்றையாவது பூக்கவைத்து அக்காவின் வாயை அடைக்க வேண்டும் என்று பெயிண்டர் தீர்மானித்தார்.

முதல் வருஷம் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நட்டார். இலை வந்தது, பூ வரவில்லை. இரண்டாம் வருஷம் கேட்டுக்குப் பக்கத்தில் மாற்றினார். அங்கேதான் அவர் தினமும் பிரஷ் கழுவுவார் என்பது அவருக்கே ஞாபகம் இல்லை. செடி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது. மூன்றாம் வருஷம் பிரஷ்ஷை வேறு பக்கம் கொண்டுபோய், எரு போட்டு, வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றினார். செடி புதராக மண்டியது. ஒரு மொட்டுகூட இல்லை.

நர்சரிக்காரர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஒரே ரூம்ல இருபது பேரைக் குடி வச்சா எப்படிங்க? குளிர் காலத்துல இலை காஞ்சதும் தோண்டி, கிழங்கை உடைச்சு, நல்ல வெயில்ல தள்ளித் தள்ளி வைங்க."

உடைக்கவா? இருப்பதே அது ஒன்று. உடைத்துச் செத்துப்போனால் அக்கா முகத்தில் எப்படி முழிப்பது? நாளை, நாளை மறுநாள் என்று தள்ளிப்போட்டார்.

குளிர் காலத்தில் இலைகள் காய்ந்தன. அவற்றை வெட்டிவிட்டு, யாரும் மிதிக்காமல் இருக்க அந்த இடத்தில் பெயிண்ட் கலக்கும் குச்சி ஒன்றைக் குத்தினார். டப்பா மூடியில் நிறத்தின் பேரை எழுதாமல் விடாத கை அது. குச்சியிலும் கொட்டை எழுத்தில் "மஞ்சள்" என்று எழுதிவைத்தது.

அந்த வாரம்தான் அக்கா போன் செய்து, நான்கு மாதத்தில் லீவு, பூவைப் பார்க்க வருகிறேன் என்றாள். அதே வாரம்தான் மாமியாரும் வந்து இறங்கினார்.

மாமியாருக்குக் கை சும்மா இருக்காது. இரண்டு நாள் கழித்துப் பெயிண்டர் வேலை முடிந்து வந்தபோது, மேஜைமேல் ஒரு தட்டு நிறையப் பச்சை மஞ்சள் கிழங்கு, கழுவித் துடைத்து அடுக்கியிருந்தது.

"மாப்பிள்ளை, உங்க மஞ்சள் நல்லா விளைஞ்சிருக்கு. இலை காஞ்சு வெட்டியிருந்துச்சா, நானே தோண்டிட்டேன்."

பெயிண்டர் கேட்டுக்கு ஓடினார். அங்கே குழிதான் இருந்தது. குச்சியை மட்டும் பத்திரமாகச் சுவரில் சாத்தி வைத்திருந்தார் மாமியார்.

மனைவி துருவித் துருவிக் கேட்டதும் மாமியார் உண்மையைக் கக்கிவிட்டார். "உடைச்சுப் பார்த்தேன், உள்ள வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. ஒண்ணாவது மஞ்சளா இருக்காதான்னு எல்லாத்தையும் உடைச்சேன். மாப்பிள்ளை பாடுபட்டு வளர்த்தது இப்படிச் சொத்தையாப் போச்சேன்னு தெரிஞ்சா மனசு உடைஞ்சுடுவாரேன்னு, கடையில வாங்கி வச்சேன்."

"அம்மா, அது கல்வாழை."

"அப்புறம் ஏன் மஞ்சள்னு எழுதியிருக்காரு?"

"பூ மஞ்சளா பூக்கும்மா."

"பூவுன்னு எழுதலையே."

அது வாஸ்தவம். கிழங்கையெல்லாம் எங்கே போட்டீர்கள் என்று மட்டும் பெயிண்டர் கேட்டார். யார் கண்ணிலும் படக் கூடாதென்று மாமியார், கொல்லைப்புறத்தில் குழாய் பதிக்கப் பிளம்பர் தோண்டிப் பாதி மூடியிருந்த பள்ளத்தில் நீளத்துக்குத் தூவியிருந்தார். பிளம்பர் சாப்பிட்டு வந்து மிச்ச மண்ணையும் தள்ளி மூடிவிட்டுப் போய்விட்டான்.

"அங்கே கடப்பாரை வச்சீங்க, குழாய் உடைஞ்சா நீங்கதான் விரலை வச்சு அடைச்சுக்கிட்டு நிக்கணும்," என்றாள் மனைவி.

அவ்வளவு பொடிப்பொடியாக உடைத்தது இனி எங்கே பிழைக்கும்? பெயிண்டர் கையை உதறிவிட்டார். மறுநாள் மாமியார் பையைக் கட்டினார். "இருந்துட்டுப் போங்கத்தை" என்று வாய் சொன்னது, முகம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் மகளுக்குப் போன் செய்தால் முதலில் கேட்பது, "மாப்பிள்ளைக்கு இன்னும் கோபமா?" என்பதுதான். அக்காவிடம் சொல்லப் பெயிண்டருக்குத் தைரியம் வரவில்லை.

குளிர் விட்டு வெயில் ஏறிய ஒரு காலை, துணி உலர்த்தப் போன மனைவி கூப்பிட்டாள். "என்னங்க, இங்க கொஞ்சம் வாங்க."

குழாய் போன வழி நெடுக, சமையலறைச் சுவரிலிருந்து பின்வாசல் வரை, சுருட்டிய காகிதம்போலப் பச்சைக் குருத்துகள் ஒரே வரிசையில் எட்டிப்பார்த்தன. பெயிண்டர் மண்டி போட்டுக்கொண்டு எண்ணினார். முப்பத்தொன்று. போனை எடுத்தவர் அக்காவைக் கூப்பிடவில்லை.

"அத்தை, உங்க மஞ்சள் முளைச்சிருக்கு. இன்னைக்கே புறப்பட்டு வாங்க."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

மாமியார் வந்து கொல்லையைத் தன் ஆட்சிக்குள் எடுத்துக்கொண்டார். பிரஷ்ஷோடு மாப்பிள்ளை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பது முதல் சட்டம். காலையில் மாமியார் தண்ணீர் ஊற்றுவார், மாலையில் மாப்பிள்ளை. அக்கா வருவதற்கு ஐந்து நாள் முன்னால் முதல் பூ விரிந்தது. பெயிண்டர் ஷேட் கார்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பதினெட்டில் ஒன்றுகூட ஒத்துவரவில்லை. அந்தத் தோல்வியை வீடு வீடாகப் போய்ச் சொன்னார்.

அக்கா வந்தாள். கொல்லைக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. ஒவ்வொரு பூவாகத் தொட்டுக்கொண்டே பின்வாசல் வரை போய்த் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது.

"டேய், உன் கையிலயும் தங்குதுடா."

"என் கையில இல்லக்கா. அத்தை கை. அவங்க வச்ச வரிசை இது."

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த மாமியார் ஒரு அங்குலம் உயர்ந்தார்.

பால்கனித் தொட்டிக்கு ஒரு துண்டு கிடைக்குமா என்று அக்கா கேட்டாள். பெயிண்டர் வரிசைக் கடைசியில் தோண்டி, ஒரு கிழங்கை எடுத்து, யோசிக்காமல் இரண்டாக உடைத்தார். அடையாளத்துக்கு ஒரு குச்சி எடுத்து, பழக்கதோஷத்தில் "மஞ்சள்" என்று எழுதி முடித்தார்.

மாமியார் எட்டிப் பார்த்தார்.

"பூவுன்னும் சேர்த்து எழுதிடுங்க மாப்பிள்ளை. உங்க அக்கா வீட்லயும் ஒரு மாமியார் இருக்காங்கல்ல."