பச்சை உடைக்குள் இருந்தவள்

அருங்காட்சியகத்துக்குள் நுழையும்போதே இங்கா சோல்பெர்க் முடிவு செய்துவிட்டாள்: இன்றைக்கு வாயை மூடிக்கொண்டு திரும்பப்போவதில்லை. பாப் இசைக்கும் வேற்றுக்கிரகக் கதைகளுக்கும் சேர்த்து சியாட்டிலில் கட்டிய பெரிய கட்டடம் அது. இரண்டுக்கும் பொதுவாக இப்போது ஒரு புதிய கண்ணாடிப் பெட்டி வந்திருந்தது. உள்ளே இங்காவின் நண்பர்கள் நடத்திய பழைய இசைக்குழுவின் பச்சை ரப்பர் உடை. மூன்று கண், இரண்டு கொம்பு. நாளைக்குத் திறப்பு. பெட்டிக்குக் கீழே இருந்த பலகையில், 'பாடியவர்: டெல் வாஃபர்ட்' என்று எழுதியிருந்தது.

அந்த டெல்லே பக்கத்தில் நின்று தாடியைத் தடவிக்கொண்டிருந்தான். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். வந்தவன் பழைய தோழியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். அவன் துணிச்சலைப் பாருங்கள்!

குழுவுக்கு ஒரே ஒரு விதிதான்: மேடையில் முகமூடியைக் கழற்றக்கூடாது, உள்ளே யார் என்று எப்போதும் சொல்லக்கூடாது. அதனால்தான் வந்தது வினை. தொண்ணூற்றொன்றில் ஒரு சனிக்கிழமை, டெல் சமைக்காத சிப்பியை மூக்குமுட்டத் தின்றுவிட்டு, கழிப்பறையே கதி என்று கிடந்தான். வாசலில் டி-ஷர்ட் விற்றுக்கொண்டிருந்த இங்கா, உடையின் கால்களை வெட்டிச் சுருக்கி, டேப்பால் ஒட்டி, மாட்டிக்கொண்டு மேடையேறினாள். அன்று பதிவான பாட்டுதான் ஊரையே கலக்கியது. கைதட்டல் டெல்லுக்குப் போனது. அவன் மறுக்கவில்லை, இவள் விதியை மீறவில்லை.

பெட்டிக்குப் பொறுப்பான மாரிசெல் அபாட் காமிராவோடு வந்தாள்.

"டெல், அதுக்குப் பக்கத்துல நில்லுங்க. ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

நின்றான். கொம்பையும் சேர்த்து அளந்தால்கூட உடை அவன் தோளைத் தாண்டவில்லை. மாரிசெல் காமிராவைத் தாழ்த்தினாள்.

"துவைச்சதுல சுருங்கிடுச்சு" என்றான் டெல்.

"ரப்பரா?" என்றாள் இங்கா.

"ஓ... அப்படியா? சுவாரசியமா இருக்கே" என்று சிரித்து வைத்தாள் மாரிசெல்.

அவ்வளவுதான். அந்த ஊர் மரியாதை அப்படி. எதிரில் நிற்பவனைப் பொய்யன் என்று சொல்வதைவிட, மழையில் நனைந்துகொண்டே வீடு போய்ச் சேர்வார்கள். முப்பது வருஷத்துக்கு மேலாக இங்காவைக் கட்டிப்போட்டதும் இதே மரியாதைதான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அது ஒண்ணும் சுருங்கல. நான்தான் வெட்டினேன். அன்னிக்குப் பாடினதும் நான்தான்."

டெல் அவள் முழங்கையைப் பிடித்தான். "இங்கா, ஒருநாள் காபி குடிச்சுக்கிட்டே இதைப் பேசலாமே."

"எந்த ஒருநாள்? நீ வாங்கித் தரேன்னு சொன்ன காபியெல்லாம் சேர்த்தா ஒரு ஏரியே ரொம்பியிருக்கும்டா. இப்பவே பேசு."

பெட்டியோரம் பார்வையாளர்களுக்காகத் தொங்கிய ஹெட்போனை எடுத்து அவன் காதில் மாட்டினாள். "கேட்டுட்டுச் சொல்லு. யாரு இது?"

முதல் சரணம் முடிவதற்குள் அவன் கண் தரைக்குப் போய்விட்டது. ஆனாலும் கடைசிவரை கேட்டான். பிறகு மெதுவாகக் கழற்றினான்.

"இவதான் பாடினா, மாரிசெல். இதே மாதிரி பாடணும்னு எத்தனையோ தடவை முயற்சி பண்ணேன், வரவே இல்ல. எனக்கு வராத குரலுக்கு நான் கைதட்டு வாங்கிட்டுத் திரிஞ்சேன்."

இங்காவுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. பெயரை விட்டுக்கொடுக்கிற அளவுக்கு வரவில்லை.

"பலகையை மாத்துங்க" என்றாள்.

மாரிசெல் ஏற்கனவே அதைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "காலைல புதுசு வந்துடும். ஆமா, அவ்வளவு கூட்டத்துக்கு முன்னால திடீர்னு போய்ப் பாட பயமா இல்லையா?"

"மூஞ்சி தெரியாதுங்கற தைரியத்துலதான் பாடினேன்."

வரும் வழியில் மழையில் நனைந்த தலையைக் கையால் ஒதுக்கிக்கொண்டு இங்கா பெட்டி முன்னால் போய் நின்றாள்.

"இப்ப நல்லாத் தெரியுதில்ல? போட்டோ எடுங்க."